பனியன் கம்பெனியில் பணியாளர் நலத் திட்டம்: எங்கே தொடங்குவது, என்ன பலனை எதிர்பார்ப்பது

திருப்பூரில் 200 பேரோ 300 பேரோ வேலை செய்யும் ஒரு பனியன் கம்பெனியில் பணியாளர் நலத் திட்டம் தொடங்கலாம் என்று உரிமையாளர் முடிவெடுத்தால், பெரும்பாலும் முதலில் நடப்பது ஒரு மருத்துவ முகாம். வளாகத்தில் பந்தல் போட்டு, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, ஆளுக்கொரு சீட்டைக் கையில் கொடுத்து, படமெடுத்து, வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கைக்காக வைத்திருக்கும் கோப்பில் சேர்த்துவிடுகிறார்கள். சீட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் அடுத்த வாரம் மருத்துவரைப் பார்த்தார்கள் என்ற கணக்கு அந்தக் கோப்பில் இருப்பதில்லை. தையல் கூடங்களின் நலப் பணிகளோடு நெடுநாள் தொடர்புள்ளவன் என்ற முறையில் சொல்கிறேன்: பணமும் நல்லெண்ணமும் வீணாகும் இடம் இதுதான். நடுத்தர நிறுவனம் ஒன்று நலத் திட்டத்தை எந்த வரிசையில் செய்தால் தொழிலாளியின் உடலுக்கும் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்கும் பலன் வந்து சேரும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

பலனைப் பற்றிப் பேசுமுன், இத்தகைய திட்டங்களைக் குறித்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதை நேர்மையாகத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் 2016-இல் ஏறத்தாழ 4,800 பணியாளர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் உடற்பரிசோதனை, உடல்நல வகுப்புகள், ஊக்கத்தொகை ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருத்துவச் செலவிலும் வேலைத்திறனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. 2019-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஒரு சில்லறை விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகளில் ஏறத்தாழ 33,000 பணியாளர்களை ஒன்றரை ஆண்டு கவனித்துவிட்டு, உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்களின் எண்ணிக்கை கூடியதே தவிர, ரத்த அழுத்தமோ, மருத்துவச் செலவோ, விடுப்பு எடுத்த நாட்களோ குறையவில்லை என்று கண்டது. இத்தகைய திட்டங்களில் தாமாகச் சேர்பவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவர்கள் என்பதை இல்லினாய் ஆய்வு தெளிவாகக் காட்டியது. சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டு, திட்டம் வென்றுவிட்டது என்று சொல்லும் அறிக்கைகளை நம்பத் தயங்க வேண்டியது இதனால்தான்.

மாறாக, வேலை செய்யும் உடலையும் வேலை நடக்கும் இடத்தையும் நேரடியாகத் தொட்ட எளிய மாற்றங்கள் வியக்கத்தக்க பலனைத் தந்திருக்கின்றன. அவற்றை உரிய இடங்களில் சொல்கிறேன். நலத் திட்டத்துக்கு ஒதுக்கும் முதல் ரூபாய் எங்கே போக வேண்டும் என்ற முடிவை நான் அவற்றிலிருந்தே எடுத்தேன்.

முதல் இரண்டு வாரம்: பார்ப்பதும் கேட்பதும்

எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். வருகைப் பதிவேட்டை எடுத்து, எந்தப் பிரிவில், எந்தக் கிழமையில், எந்த மாதத்தில் விடுப்பு அதிகம் என்று பாருங்கள். முதலுதவிப் பெட்டிக்கு அருகில் இருக்கும் பதிவேட்டில் தலைவலி மாத்திரை எத்தனை போயிருக்கிறது, ஊசி குத்திய காயம் எத்தனை, மயக்கம் எத்தனை என்று எண்ணுங்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் நின்றுவிட்டவர்களின் எண்ணிக்கையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று எண்களும் பின்னர் பலனை அளக்கும்போது அடிப்படையாக இருக்கும்.

பிறகு ஒரு முழு ஷிப்டைக் கூடத்திலேயே கழியுங்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் மாலை ஐந்து மணிக்கு மேல் உடல்கள் எப்படிச் சாய்கின்றன என்பதை அலுவலக அறையிலிருந்து பார்க்க முடியாது. தையல் மெஷினில் இருக்கும் சிங்கர் டெய்லர் எப்படிக் குனிகிறார், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் நிற்பவர் எந்தக் காலில் எடையைப் போடுகிறார், அயர்னிங் மேசையில் இருப்பவர் எத்தனை முறை தண்ணீர் குடிக்கிறார் என்று கவனியுங்கள். தொழிலாளர்களிடம் பேசும்போது லைன் சூப்பர்வைசரும் கான்ட்ராக்டரும் அருகில் இருக்கக் கூடாது. பெண்களிடம் ஒரு பெண் பேசட்டும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்திருப்பவர்களிடம் இந்தியிலோ ஒடியாவிலோ பேசத் தெரிந்த ஒருவர் வேண்டும். தமிழில் மட்டும் அச்சடித்த கேள்வித்தாளைக் கொடுத்து வாங்கிக் கோப்பில் வைப்பது பாதிப் பேரைக் கேட்காமல் விடுவதற்குச் சமம்.

இதே இரண்டு வாரத்தில் சரிபார்க்க வேண்டிய இன்னொன்று, கான்ட்ராக்டரின் கீழ் வேலை செய்பவர்கள் உட்பட எல்லோருக்கும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவு இருக்கிறதா என்பது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதமும் நிறுவனத்தின் பங்காக 3.25 சதவீதமும் செலுத்தப்படுகின்றன. அதற்கு ஈடாகத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை கிடைக்கிறது. உரிய நாட்களுக்குப் பங்களிப்புச் செலுத்தியிருந்தால், நோயால் வேலைக்கு வர இயலாதபோது ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கிறது. அட்டை எண் கூடத் தெரியாமல், மாதாமாதம் பிடித்தம் மட்டும் நடக்கும் தொழிலாளர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். அந்த அட்டையை எப்படிப் பயன்படுத்துவது, எந்த மருந்தகம், எந்த நேரம் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்குவது எந்த யோகா வகுப்பைவிடவும் பெரிய நலப் பணி.

தண்ணீரும் கழிவறையும்

நலத் திட்டத்தின் முதல் செலவு இங்கேதான் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தையல் கூடத்தில் வேலை செய்யும் பெண்கள் பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். போனால் லைனில், அதாவது தையல் மெஷின் வரிசையில், பீஸ் தேங்கும், டார்கெட் தவறும், சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் கேட்பார். விளைவாக வருவது நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, தலைவலி, பிற்பகலில் சோர்வு, மாதத்துக்கு ஒன்றிரண்டு நாள் விடுப்பு. விடுப்பு விண்ணப்பத்தில் காய்ச்சல் என்று எழுதியிருக்கும்; உண்மைக் காரணத்தை அவர்கள் எழுதமாட்டார்கள்.

பெண்களுக்கு 25 பேருக்கு ஒரு கழிவறை என்பது தொழிற்சாலை விதிகள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் அளவு. எண்ணிக்கை சரியாக இருந்தாலும், உள்தாழ்ப்பாள் இல்லாததும், தண்ணீர் வராததும், நாப்கினைப் போட மூடியுள்ள தொட்டி இல்லாததும் அந்தக் கழிவறையை இல்லாததாக்கிவிடும். ஆகவே தாழ்ப்பாள், விளக்கு, தண்ணீர், தொட்டி என்ற நான்கையும் தினமும் இருமுறை பார்த்துக் கையெழுத்திட ஒருவரை நியமியுங்கள். கழிவறைக்குப் போக டோக்கன் வாங்கும் முறை இருந்தால் அதை உடனே நிறுத்துங்கள். இத்தனைக்கும் மேலாக, ஒவ்வொரு லைனுக்கும், அல்லது இரண்டு லைன்களுக்குச் சேர்த்தாவது, பல மெஷின்களை ஓட்டத் தெரிந்த ஒரு ரிலீவர் இருக்க வேண்டும். ஒருவர் எழுந்து போகும் ஐந்து நிமிடத்தில் ரிலீவர் அந்த மெஷினில் அமர்ந்துகொண்டால், லைனும் நிற்காது, சூப்பர்வைசரின் கோபத்துக்கும் காரணம் இருக்காது. ஒரு டெய்லர் சம்பளத்தைக் கூடுதலாகக் கொடுப்பதாக இது முதலில் தோன்றும். நான் இதை நடைமுறைப்படுத்திப் பார்த்த கூடத்தில், ரிலீவருக்கு ஆகும் செலவை எண்ணி அஞ்சிய தயாரிப்பு மேலாளரே பின்னர் இரண்டாவது ரிலீவரைக் கேட்டு வாங்கிக்கொண்டார், ஏனெனில் யாராவது திடீரென்று விடுப்பு எடுத்த நாட்களில் லைனைக் காப்பாற்றியவர் அந்த ரிலீவர்தான்.

குடிநீரைக் கூடத்தின் ஒரு மூலையில் வைப்பதைவிட, வரிசைகளுக்கு நடுவில், கையெட்டும் தூரத்தில் வையுங்கள். ஆளுக்கொரு பாட்டில் கொடுத்து, துணியில் தண்ணீர் சிந்தாதபடி மெஷினுக்குக் கீழே அதை வைக்க ஒரு கம்பிக் கூடை பொருத்திவிட்டால், தண்ணீர் குடிக்க எழுந்திருக்க வேண்டியதில்லை.

வெப்பம்

தகரக் கூரை, நீராவி இஸ்திரி, நூற்றுக்கணக்கான மோட்டார்கள், நெருக்கமாக உட்கார்ந்த மனிதர்கள் என்று எல்லாம் சேர்ந்த கூடத்தில் பங்குனி, சித்திரை மாதங்களின் பிற்பகல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உலக சுகாதார அமைப்பும் உலக வானிலை அமைப்பும் 2025-இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, ஈரப்பதத்தையும் உள்ளடக்கிக் கணக்கிடும் வெப்ப அளவு 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் உழைப்புத்திறன் 2 முதல் 3 சதவீதம் வரை குறைகிறது என்கிறது. பெங்களூருப் பகுதி ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு மிக அருகிலான சான்று. மின்சாரச் செலவைக் குறைப்பதற்காகத் தையல் மெஷின்களுக்கு மேலிருந்த பழைய குழல் விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினார்கள். புதிய விளக்குகள் குறைவான வெப்பத்தை வெளிவிட்டதால், வெயில் கடுமையான நாட்களில் அந்தக் கூடங்களின் உற்பத்தித்திறன் தெளிவாக உயர்ந்தது. மின்கட்டணத்தில் மிச்சமானதைவிடத் தொழிலாளியின் உடல் பட்ட ஆறுதல் பெரிய வருமானமாக மாறிய அரிய நிகழ்வு அது.

விளக்கை மாற்றுங்கள். கூரைக்கு வெள்ளை வண்ணம் பூசுங்கள். அயர்னிங் பிரிவை முடிந்தவரை வெளிச்சுவர் ஓரமாக நகர்த்தி, நீராவியை வெளியே இழுக்கும் விசிறியைப் பொருத்துங்கள். வெயில் மாதங்களில் காலை பதினொரு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் உப்புப் போட்ட நீர்மோர் கொடுங்கள். தலைசுற்றல், வியர்வை நின்றுபோதல், பேச்சுக் குழறல் ஆகிய அறிகுறிகளைச் சூப்பர்வைசர்கள் அடையாளம் கண்டு, பாதிக்கப்பட்டவரை உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடலைக் குளிர்வித்து மருத்துவமனைக்கு அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும்.

உட்காரும் இடத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதுகுச் சாய்வில்லாத ஸ்டூலுக்குப் பதிலாக, உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய, சாய்வுள்ள நாற்காலி டெய்லருக்குத் தேவை. கடைகளில் நாள் முழுவதும் நிற்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியபோது பலரும் வரவேற்றார்கள். தொழிற்சாலைகளுக்கு அந்தக் கடமையை 1948-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருந்தது. செக்கிங், பேக்கிங் பிரிவுகளில் அது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. நின்றேதான் செய்ய வேண்டிய வேலை என்றால் காலடியில் ரப்பர் விரிப்பும், அவ்வப்போது அமர ஓர் உயர்ந்த இருக்கையும் போடுங்கள்.

கண்

பனியன் கம்பெனிகளில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: நாற்பது வயதைத் தாண்டிய டெய்லருக்கும் செக்கிங் பெண்ணுக்கும் அருகில் இருப்பது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது? வயது கூடும்போது அருகிலிருப்பது மங்கலாகத் தெரியும் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வருவது. ஊசியில் நூல் கோக்க நேரமாகிறது, கறுப்புத் துணியில் கறுப்புத் தையல் தெரிவதில்லை, பிழையால் திருத்தித் தைக்க வேண்டிய ஆல்ட்டர் பீஸ் கூடுகிறது. வயதாகிவிட்டது, வேகம் போய்விட்டது என்று அவரை ஹெல்பர் வேலைக்கு இறக்கிவிடுகிறார்கள். இருபது ஆண்டுத் தொழில் தெரிந்த கை, ஒரு கண்ணாடி இல்லாததால் மடிப்பு வேலைக்குப் போவதைப் பார்ப்பது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இதற்கான சான்று தெளிவானது. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், அருகில் பார்க்க உதவும் கண்ணாடியை உடனே பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். கண்ணாடிக்கும் அதைக் கொண்டுசேர்ப்பதற்கும் ஆன செலவு ஆளுக்கு ஏறத்தாழ 10 டாலர் மட்டுமே. வங்கதேசத்தில் கைவேலை செய்வோரிடையே நடத்தி 2024-இல் வெளியான ஆய்வு, கண்ணாடி பெற்றவர்களின் மாத வருமானம் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததைக் கண்டது. ஆய்வு செய்யப்பட்ட நலத் திட்டங்களில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தந்த இன்னொன்றை நான் அறியேன்.

செய்ய வேண்டியது எளிது. கண் மருத்துவமனை ஒன்றின் உதவியோடு பரிசோதகரை வேலை நேரத்திலேயே வரவழையுங்கள். 35 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் பரிசோதனை நடக்கட்டும். தைத்த எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெறும் பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு அந்த அரை மணி நேரத்துக்குரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவர் வரமாட்டார். கண்ணாடியை மறுவாரமே, கூடத்திலேயே, அவரவர் மெஷினில் உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். கண்ணாடி போட்டால் வயதானவர் என்று வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. உரிமையாளரோ கட்டிங் மாஸ்டரோ முதல் ஆளாகக் கண்ணாடி போட்டுக்கொண்டால் அந்த அச்சம் பாதி தீரும்.

ரத்தசோகை, ரத்த அழுத்தம், சர்க்கரை

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஓவர்லாக் மெஷினில் இருக்கும் இளம்பெண் பதினொரு மணிக்கே தளர்ந்துபோவதற்குக் காரணம் சோம்பல் என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டிருப்பார். இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களிடையே நடத்தி 1979-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இரும்புச்சத்து மாத்திரை பெற்ற ரத்தசோகைப் பெண்கள் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள் என்றும், அன்றாட நடமாட்டத்திலேயே சுறுசுறுப்பு கூடியது என்றும் காட்டியது. அந்தத் தோட்டத்துப் பெண்களின் உழைப்பிலிருந்து கிடைத்த அறிவை நம் தையல் கூடங்கள் இன்னும் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

ஹீமோகுளோபின் அளவைப் பார்த்து, 12 கிராமுக்குக் கீழ் உள்ள பெண்களுக்கு மருத்துவர் சொல்படி மாத்திரை கொடுங்கள். 8 கிராமுக்குக் கீழ் இருந்தால் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு மலச்சிக்கல் வரும், அஞ்ச வேண்டியதில்லை என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாமல் கொடுத்தால் ஒரு வாரத்தில் மாத்திரை குப்பைக்குப் போய்விடும். மாத்திரையோடும் சாப்பாட்டோடும் டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது என்பதால், டீ நேரத்தைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். காலை உணவு உண்ணாமல் பேருந்தேறி வருபவர்களுக்குக் கேன்டீனில் எட்டரை மணிக்கு இட்லியோ சுண்டலோ கிடைத்தால் அதன் பலன் அன்றைக்கே தெரியும். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் வேண்டும் என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 100 ஆகக் குறைத்திருக்கிறது. ஆகவே நடுத்தர நிறுவனங்களும் இனி இதைச் சலுகையாகக் கருத முடியாது.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதற்குத் தனியாருக்குப் பணம் கொடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்தின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2024-இல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்ற பெயரில் வேலையிடங்களுக்கே வந்து பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. மாவட்டச் சுகாதாரத் துறையிடம் விண்ணப்பித்து உங்கள் வளாகத்துக்கும் வரச் சொல்லுங்கள். பரிசோதனைக்குப் பிறகுதான் உங்கள் வேலை தொடங்குகிறது. அளவு கூடுதலாக வந்தவர் மருத்துவரைப் பார்க்கச் சம்பளத்தோடு அரை நாள் விடுப்பு, மாதந்தோறும் மருந்து வாங்கினாரா என்று அன்பாகக் கேட்க ஒரு செவிலியர் அல்லது பயிற்சி பெற்ற சக தொழிலாளி, மூன்று மாதத்தில் மறுபரிசோதனை ஆகிய மூன்றும் இல்லாத முகாம் நடத்தாமல் விடுவதே மேல்.

பரிசோதனை முடிவு தொழிலாளிக்கும் மருத்துவருக்கும் மட்டுமே உரியது. மனிதவளத் துறைக்கு எண்ணிக்கை தெரிந்தால் போதும், பெயர் தெரியக் கூடாது. கர்ப்பப் பரிசோதனையை இந்த முகாமில் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். சர்க்கரை இருக்கிறது என்று ஒருவரை ஓவர்டைமிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி கூடத்தில் ஒருமுறை பரவினால், அடுத்த முகாமுக்கு யாரும் கையை நீட்டமாட்டார்கள்.

மனமும் மரியாதையும்

மன அழுத்தத்துக்கு வகுப்பு எடுப்பதற்கு முன், அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது முறை. தையல் கூடத்தில் அது பெரும்பாலும் சூப்பர்வைசரின் வாயிலிருந்து வருகிறது. அவரும் பாவம், ஷிப்மென்ட் தேதி அவர் கழுத்தில் தொங்குகிறது. ஆகவே பயிற்சியை அவரிடமிருந்து தொடங்குங்கள்: குறையைத் தனியாக அழைத்துச் சொல்வது, பெயர் சொல்லி மரியாதையாக அழைப்பது, டார்கெட்டை மணிக்கொருமுறை கத்திச் சொல்லாமல் பலகையில் எழுதிவைப்பது. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு நிறுவனத்திலும் பாலியல் துன்புறுத்தல் குறித்த உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் உறுப்பினர்களின் பெயர்களைப் பெண்கள் கழிவறையின் உட்புறக் கதவில் ஒட்டுங்கள், அங்கேதான் அவற்றை யாரும் பார்க்காமல் படிக்க முடியும். டெலிமானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐயும் அதனருகிலும் விடுதியிலும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிவையுங்கள். அந்தச் சேவை இலவசம், எந்த நேரமும் பேசலாம், நிறுவனத்துக்குத் தெரியாது என்ற மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும்.

கணக்கு வைத்தல்

முதல் இரண்டு வாரத்தில் எழுதிவைத்த எண்களுக்கு இப்போது திரும்புங்கள். எல்லா லைன்களிலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் தொடங்காமல், நாற்காலியோ ரிலீவரோ முதலில் இரண்டு லைன்களுக்கு மட்டும் கொடுத்து, மூன்று மாதம் கழித்து மற்ற லைன்களுக்கு விரிவாக்கினால், இரண்டையும் ஒப்பிட்டு உண்மையான வேறுபாட்டைக் காணலாம். எந்த லைன் முதலில் என்பதைக் குலுக்கிப் போட்டு எடுங்கள், நன்றாக ஓடும் லைனைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு பொய்த்துவிடும். விடுப்பு நாட்கள், மூன்று மாதத்துக்குள் நின்றவர்கள், ஆல்ட்டர் பீஸ், மயக்கமும் ஊசிக் காயமும் ஆகிய நான்கும் போதும். எடையையும் நடந்த அடிகளையும் எண்ணுவதில் பொருளில்லை. இதில் ஒரு எச்சரிக்கை: விடுப்பைக் குறைக்க வேண்டும் என்று வருகை ஊக்கத்தொகையைக் கூட்டினால் எண்கள் அழகாகும், ஆனால் காய்ச்சலோடு வந்து உட்காருபவர்கள் கூடுவார்கள்.

பலன் எப்போது தெரியும் என்றால், கண்ணாடியும் காலை உணவும் வாரங்களில், கழிவறையும் ரிலீவரும் இரண்டு மூன்று மாதங்களில், இரும்புச்சத்து மூன்று மாதமளவில், நாற்காலியும் சூப்பர்வைசர் பயிற்சியும் அதற்கும் மேல். வேலையை விட்டுப் போகிறவர்கள் குறைவதுதான் பண அளவில் கண்ணுக்குத் தெரியும் முதல் மிச்சமாக இருக்கும், ஏனென்றால் புதிய டெய்லர் ஒருவர் லைனின் வேகத்துக்கு வந்து சேரும்வரை ஆகும் இழப்பை ஒவ்வொரு தயாரிப்பு மேலாளரும் அறிவார். ஆறாவது மாதம் இந்த எண்களை மதிய உணவு இடைவேளையில் தொழிலாளர்கள் பார்க்கும்படி பலகையில் எழுதி, அடுத்து எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். நான் இருந்த ஒரு கூடத்தில் அப்படிக் கேட்டபோது வந்த முதல் பதில், மாலை ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பது மணிக்குப் பேருந்து நிறுத்தம் வரை நடக்கும் சந்தில் விளக்கு இல்லை என்பது. மறுநாளே இரண்டு விளக்குகள் பொருத்தப்பட்டன.